எண்ணப்படுவது எது? பிட்காயின் வலையமைப்பு குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், வங்கி இல்லாமல் கணினிகளே நடத்தும் பிட்காயின் என்ற இணையப் பணம் பற்றி எழுதியபோது, "உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் இந்தக் கணக்கேட்டைக் காத்துவருகின்றன" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

மதுரை வாசகர்: "ஆயிரக்கணக்கான" என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். நான் தேடியபோது ஓரிடத்தில் பத்தாயிரம் என்றும், இன்னோரிடத்தில் ஒரு லட்சம் என்றும், பழைய ஆய்வொன்றில் எட்டு லட்சத்துக்கும் மேல் என்றும் கண்டேன். எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். மூன்றும் எண்ணிய பொருள்தான் வேறு வேறு.

பிட்காயின் மென்பொருளை இயக்கி, எல்லாப் பரிவர்த்தனைகளும் 2009 ஜனவரி 3 முதல் எழுதப்பட்டுவரும் கணக்கேட்டைத் தானே சரிபார்த்து, புதிய பரிவர்த்தனைகளை அண்டையிலுள்ள கணினிகளுக்குக் கடத்தும் கணினியைக் கணு என்கிறோம். கணுக்களில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து யார் தட்டினாலும் கதவைத் திறப்பவை முதல் வகை. தாமாக வெளியே சென்று பிறரோடு பேசினாலும், ரவுட்டருக்கோ ஃபயர்வாலுக்கோ பின்னால் இருப்பதால் வெளியார் எட்ட முடியாதவை இரண்டாம் வகை. இரண்டும் செய்கிற சரிபார்ப்பு வேலையில் எள்ளளவும் வேறுபாடு இல்லை.

பிட்நோட்ஸ் என்ற கணக்கெடுப்பு முதல் வகையை மட்டும் எண்ணுகிறது. 2018-ஐ ஒட்டிய காலத்தில் அதன் எண்ணிக்கை பத்தாயிரத்தைச் சுற்றி இருந்தது. அண்மை ஆண்டுகளில் 15,000-ஐத் தாண்டி 20,000-ஐ ஒட்டி நகர்ந்திருக்கிறது. மென்பொருள் வல்லுநர் லூக் டாஷ்ஜர் இரண்டாம் வகையையும் சேர்த்து மதிப்பிட்டதால், 2019-ல் அவருடைய எண் ஒரு லட்சத்தை ஒட்டியது. நீங்கள் குறிப்பிடும் எட்டு லட்சம், 2014-ல் வெளியான டோனெட், பெரெஸ்-சோலா, ஹெரேரா-ஜோவன்கோமார்த்தி ஆகியோரின் ஆய்வில் வருவது. அவர்கள் 8,72,000-க்கும் மேற்பட்ட கணுக்களைத் திரட்டினார்கள். அது பல நாள்களாகத் தொடர்ந்து சேர்த்த முகவரிகளின் தொகையேயன்றி, ஒரே வேளையில் இயங்கிக்கொண்டிருந்த கணினிகளின் தொகை அன்று. ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு மாதம் வந்துபோனவர்களின் தொகையையும், இந்த நொடியில் நடைமேடையில் நிற்பவர்களின் தொகையையும் அருகருகே வைத்து எது சரி என்று கேட்க முடியாது அல்லவா?

திருச்சி, பொறியியல் மாணவி: தலைமை அலுவலகமோ பதிவேடோ இல்லாத ஒரு வலையமைப்பில், முதல் வகைக் கணுக்களைக்கூட எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்?

கணுக்களுக்கு ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயம் உண்டு. அந்தக் கட்டாயத்தைத்தான் கணக்கெடுப்பவர் பயன்படுத்திக்கொள்கிறார். புதிதாக நிறுவப்பட்ட ஒரு கணுவுக்கு முதலில் யாரையும் தெரியாது. தொடக்க ஆண்டுகளில் அது ஐ.ஆர்.சி. அரட்டை அறையில் நுழைந்து அங்கே இருந்தவர்களின் முகவரிகளை எடுத்துக்கொண்டது. பின்னர் அந்த வழி கைவிடப்பட்டு, மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட சில டி.என்.எஸ். (இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) பெயர்களைக் கேட்டுச் சில முகவரிகளைப் பெறும் முறை வந்தது. கணக்கெடுக்கும் நிரலும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது.

முகவரி ஒன்று கிடைத்தவுடன் அதன் 8333 என்ற போர்ட்டில் (பிட்காயின் வழக்கமாகப் பயன்படுத்தும் கதவு எண்) இணைப்புக் கேட்கிறது. இணைப்புக் கிடைத்தால் "வெர்ஷன்" என்ற செய்தியை அனுப்புகிறது. எதிர்முனையும் தன் "வெர்ஷன்" செய்தியை அனுப்பும். அதில் மென்பொருளின் பெயரும் பதிப்பும், அது வழங்கும் சேவைகள், அதன் கடிகார நேரம், கணக்கேட்டில் எத்தனையாவது பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) வரை தன்னிடம் இருக்கிறது என்பன எல்லாம் இருக்கும். இருவரும் "வெர்ஆக்" என்று ஒப்புதல் சொல்லிக்கொண்ட பிறகு, நிரல் "கெட்ஆடர்" என்று கேட்கும். உனக்குத் தெரிந்த முகவரிகளைச் சொல் என்பது அதன் பொருள். பதிலாக வரும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் இதேபோலத் தட்டி, கேட்டு, மேலும் முகவரிகளைப் பெற்று, புதிய முகவரி எதுவும் வராத நிலை வரும்வரை இது தொடரும். பேச்சு முறைப்படி முடிந்த கணுக்களே எண்ணிக்கையில் சேரும்.

கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், கணுக்கள் அவ்வளவு வெள்ளந்தியாகப் பதில் சொல்வதில்லை. பெரும்பாலான கணுக்கள் இயக்கும் பிட்காயின் கோர் மென்பொருள், தன் முகவரிப் புத்தகத்தில் அதிகபட்சம் 23 விழுக்காட்டை, அதுவும் 1000 முகவரிகளுக்கு மிகாமல்தான் தரும். ஓர் இணைப்பில் ஒருமுறைதான் தரும். 2021 ஜனவரியில் வெளிவந்த 0.21 பதிப்பிலிருந்து, ஒரே பதிலை ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் மாற்றாமல் வைத்திருக்கும் என்பதால், திரும்பத் திரும்ப வந்து கேட்டாலும் அதே பட்டியல்தான் கிடைக்கும். யார் யாருடன் இணைந்திருக்கிறார்கள் என்பதை வெளியார் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடுகள் வந்தன. கணக்கெடுப்பவருக்கு அவை தொல்லைதான். ஆனாலும் கணுவை இயக்குபவரின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிடைக்கும் முகவரிகளில் பெரும்பகுதி செத்த முகவரிகள். என்றோ இயங்கி நின்றுபோனவையும், ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவையும் ஒன்றுபோலவே மௌனமாக இருக்கும். வீட்டில் ஆள் இல்லையா, அல்லது ஆள் இருந்தும் கதவைத் திறக்கவில்லையா என்பது வெளியில் நின்று தட்டுபவருக்குத் தெரியாது.

கோவை வாசகர்: என் வீட்டுக் கணினியில் ஓராண்டாகப் பிட்காயின் கோர் ஓடிக்கொண்டிருக்கிறது. கணுக்களைக் காட்டும் உலக வரைபடத்தில் கோவையில் ஒரு புள்ளிகூட இல்லையே, ஐயா?

உங்கள் கணு மேற்சொன்ன இரண்டாம் வகையாக இருக்க வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்கும் கைப்பேசிக்கும் இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல, ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாகப் பகிர்ந்தளிக்கின்றன. அந்த முகவரியின் 8333-ஐ யாராவது தட்டினால், அது எந்த வீட்டுக்கான தட்டல் என்று நிறுவனத்தின் கருவிக்கே தெரியாது. உங்கள் ரவுட்டரில் நீங்கள் என்ன மாற்றம் செய்தாலும் அங்கே அது தடைபட்டுவிடும்.

மென்பொருளில் இணைப்புகளைக் காட்டும் பகுதியைத் திறந்து பாருங்கள். வெளிச்செல்லும் இணைப்புகள் பத்து இருக்கும். எட்டு முழு அளவிலானவை, இரண்டு பிளாக்குகளை மட்டும் பெறுபவை. உள்வரும் இணைப்பு ஒன்றுகூட இல்லையென்றால் என் ஊகம் சரி. எட்டக்கூடிய கணுவாக இருந்தால், மொத்தம் 125 என்ற வரம்புக்குள் உள்வரும் இணைப்புகள் மெல்ல மெல்லச் சேர்ந்திருக்கும். இருக்கும் இடத்தை மறைத்துத் தொடர்புகளைக் கடத்தும் டோர் வலையமைப்பைச் சேர்த்து இயக்கினால் இந்தத் தடை நீங்கி உங்கள் கணு எண்ணிக்கையில் ஏறும். ஆனால் அப்போதும் கோவையில் புள்ளி தோன்றாது. ஏனென்று யாழ்ப்பாண வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

சென்னை, ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்: முதுமலையில் புலிகளைக் கேமரா வைத்து மதிப்பிடுகிறார்கள். பார்க்க முடியாத கணுக்களையும் அதே பிடி-விடு-மறுபடி பிடி முறையில் மதிப்பிடலாமே?

கணக்கு அதேதான், ஆனால் கணு புலியைப் போல நடந்துகொள்வதில்லை. மற்ற வாசகர்களுக்காக அந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரவில் ஒரு கண்காணிப்பு நிலையம் 8,000 கணுக்களைக் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாராத இன்னொரு நிலையம் மறுநாள் 6,000-ஐக் கண்டது. அவற்றுள் 3,000 முன்பே கண்டவை. இரண்டாவது நிலையம் பார்த்தவற்றில் பாதி முதல் நிலையத்துக்கும் தெரிந்தவை என்றால், முதல் நிலையம் மொத்தத்தில் பாதியைப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே மொத்தம் 16,000. இவை விளக்கத்துக்காக நான் இட்ட எண்கள்.

இந்தக் கணக்கு செல்ல மூன்று நிபந்தனைகள் வேண்டும்: இடையில் யாரும் வரவோ போகவோ கூடாது, எல்லாரும் சம வாய்ப்போடு கண்ணில் பட வேண்டும், பார்த்தவரை மறுபடி பார்க்கும்போது அடையாளம் தெரிய வேண்டும். பிட்காயின் வலையமைப்பில் மூன்றுமே ஆட்டம் காண்கின்றன. மாலையில் மட்டும் மடிக்கணினியைத் திறப்பவரின் கணுவும், ஆண்டுக்கணக்கில் அணையாத சர்வரும் ஒரே வாய்ப்போடு கண்ணில் படுவதில்லை. இதனால் மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். அடையாளத்தின் சிக்கல் அதைவிடப் பெரியது. புலியின் உடல்வரி ஆயுளுக்கும் மாறாது. வீட்டு இணைப்பின் ஐ.பி. முகவரியோ ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே மாறிவிடலாம். அப்போது ஒரே கணு இரண்டு கணுவாகத் தெரியும், மதிப்பீடு ஏறும். மதுரை வாசகர் கண்ட எட்டு லட்சத்தில் இந்த வகைப் பெருக்கமும் கலந்திருக்கும் என்பது என் கருத்து.

ஆகவே வேறொரு வழியையும் ஆய்வாளர்கள் பிடிக்கிறார்கள். மறைந்திருக்கும் கணு தட்டினால் திறக்காது. ஆனால் அது தானே வெளியே வந்து பத்துக் கதவுகளைத் தட்டியாக வேண்டும். எட்டக்கூடிய கணுக்கள் 10,000 என்றும், நான் இயக்கும் சில கணுக்களுக்குச் சராசரியாக 60 உள்வரும் இணைப்புகள் வருகின்றன என்றும் கொள்ளுங்கள். மொத்த உள்வரும் இணைப்புகள் 6 லட்சம். தலைக்குப் பத்து வீதம் அவற்றைத் தொடுத்தவை 60,000 கணுக்கள். அவற்றில் 10,000 எட்டக்கூடியவை என்பதால், மறைந்திருப்பவை 50,000. ஒரு தாளில் முடிந்துவிடும் கணக்கு இது.

தாளுக்கு வெளியே வந்தால்தான் சங்கடம். உள்ளே வருபவர்கள் எல்லாரும் கணுக்கள் அல்லர். கைப்பேசிப் பணப்பைச் செயலிகள் வரும். பிட்நோட்ஸ் போன்ற கணக்கெடுப்பு நிரல்கள் வரும். பரிவர்த்தனை முதலில் எங்கிருந்து கிளம்பியது என்று மோப்பம் பிடிப்பவர்களும் வருவார்கள். 2023-ல் "லிங்கிங் லயன்" என்று பெயரிடப்பட்ட, யாரென்று தெரியாத ஒருவர் அல்லது ஒரு குழு, பல முகவரிகளிலிருந்து எண்ணற்ற கணுக்களோடு இணைப்பு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அம்பலமானது. இவர்களைக் கழிக்காமல் வகுத்தால், வேவு பார்ப்பவரையும் வீட்டுக்காரராகக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிட்காயின் கோர் கணு தன் முகவரியைத் தன் அண்டையாருக்குச் சராசரியாக நாளுக்கொரு முறை அறிவிக்கும். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவையும் இப்படி அறிவிப்பதுண்டு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இந்த அறிவிப்புகள் வலையமைப்பில் பரவுவதைக் கேட்டு, எட்ட முடியாதவற்றை மதிப்பிட முயன்றார்கள். 2021 ஜூலையில் யாரோ தற்செயல் எண்களால் புனைந்த முகவரிகளை வலையமைப்பு முழுவதும் கொட்டியபோது, இந்த முறையின் பலவீனம் வெளிப்பட்டது. அதற்குப் பின் வந்த 22.0 பதிப்பு, ஓர் அண்டையிடமிருந்து சராசரியாகப் பத்து நொடிக்கு ஒரு முகவரிக்கு மேல் ஏற்பதில்லை.

யாழ்ப்பாண வாசகர்: வரைபடத்தில் அமெரிக்காவும் ஜெர்மனியும் புள்ளிகளால் நிரம்பி வழிகின்றன, தெற்காசியா ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. ஜெர்மானியர்கள் அவ்வளவு பேரா இதில் ஈடுபட்டிருக்கிறார்கள்?

அந்தப் புள்ளிகளில் பல ஜெர்மானியர்களுடையவை அல்ல. ஜெர்மன் மண்ணில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள். ஹெட்ஸ்னர் என்ற நிறுவனம் ஃபால்கன்ஸ்டைன், நியூரம்பர்க் ஆகிய ஊர்களிலும், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் பெரிய தரவு மையங்களை வைத்து மலிவாக சர்வர் தருகிறது. சேலத்தில் இருப்பவர் அங்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துக் கணுவை இயக்கினால், புள்ளி ஜெர்மனியில்தான் விழும். 2018-ல் எமின் குன் சீரர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, பிட்காயின் கணுக்களில் 56 விழுக்காடு தரவு மையங்களில் இருப்பதாகவும், எதீரியம் என்ற இன்னோர் இணையப் பண வலையமைப்பில் அது 28 விழுக்காடு என்றும் கணித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அபோஸ்டலாகி, ஜோஹர், வான்பெவர் ஆகியோர், உலகின் பல்லாயிரம் இணைய நிறுவன வலையமைப்புகளில் வெறும் 13, பிட்காயின் கணுக்களில் 30 விழுக்காட்டைத் தாங்குகின்றன என்று காட்டினார்கள். பரவலைப் பற்றிக் கவலைப்படுபவர் நாட்டு எல்லையைவிட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 2022 நவம்பரில் ஹெட்ஸ்னர் தன் இடத்தில் இயங்கிய, சொலானா என்ற வேறோர் இணையப் பண வலையமைப்பின் சர்வர்களை முடக்கியபோது, அந்த வலையமைப்பின் பங்குத்தொகையில் (சரிபார்ப்பவர்கள் ஈடாக வைக்கும் பணத்தில்) ஏறக்குறைய ஐந்தில் ஒரு பகுதி ஒரே நாளில் இணைப்பிலிருந்து விழுந்தது.

அடுத்து, முகவரியை ஊராக மாற்றும் வேலையே கரடுமுரடானது. ஐ.பி. முகவரியில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் தொகுத்த தரவுத்தளங்களில் தேடித்தான் புள்ளி வைக்கிறார்கள். நாடு என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நகரம் என்றால் அவ்வளவாக இராது. அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் எந்த ஊர் என்று தெரியாது என்ற நிலையிலிருந்த முகவரிகளை எல்லாம் மேக்ஸ்மைண்ட் தரவுத்தளம், நாட்டின் நடுப்பகுதியாக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக்கிய ஓரிடத்தில் வைத்திருந்தது. கேன்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீடு அந்த இடத்தில் இருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அங்கே குவிந்தன. இணைய மோசடிக்காரர்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளும் ஏமாந்தவர்களும் அந்த வீட்டு வாசலுக்கு வந்தபடி இருந்தார்கள். 2016-ல் செய்தி வெளியான பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு நகர்த்திவிட்டது. ஒரு நாட்டின் நட்ட நடுவில் சந்தேகத்துக்கிடமான அடர்த்தியில் கணுக்கள் தெரிந்தால், இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அண்மை ஆண்டுகளில் எட்டக்கூடிய கணுக்களில் பாதிக்கும் மேல் டோர் வழியாக இயங்குகின்றன. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் வீட்டிலேயே கணு அமைக்க உதவும் தொகுப்புகள் டோரை உடன் சேர்த்தே தருவது இதற்கு ஒரு காரணம். டோர் முகவரிக்கு நாடே கிடையாது. ஆகவே வரைபடத்தில் நீங்கள் பார்ப்பது மீதிப் பாதி மட்டுமே. அதிலும் தரவு மையங்களின் எடை கூடுதல், வீடுகளின் எடை குறைவு. கோவை வாசகரைப் போன்றவர்கள் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை.

சிங்கப்பூர் வாசகி: கணுக்கள் இருக்கும் இடமும், பிட்காயின் "தோண்டும்" இடமும் ஒன்றுதானா?

இல்லை. கணக்கேட்டில் புதிய பிளாக்கைச் சேர்த்துப் புதிய பிட்காயினை ஈட்டுவதற்காக இயந்திரங்கள் நடத்தும் கணக்கீட்டுப் போட்டியே தோண்டுதல். ஒரு பெரிய சுரங்கக் கூடத்தில் பல்லாயிரம் இயந்திரங்கள் இருந்தாலும் கணு ஒன்றோ இரண்டோ போதும். தோண்டும் திறனின் பரவலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மையமொன்று, தோண்டுவோர் கூட்டமைப்புகள் தந்த ஐ.பி. விவரங்களைக் கொண்டு மதிப்பிட்டது. 2019 செப்டம்பரில் சீனாவின் பங்கு 75 விழுக்காட்டுக்கு மேல். 2021 ஏப்ரலில் 46. அரசின் தடைக்குப் பிறகு ஜூலையில் ஏறக்குறைய சுழி. செப்டம்பரிலேயே மறுபடி 22. அத்தனை இயந்திரங்கள் இரண்டு மாதத்தில் போய்த் திரும்பியிருக்க முடியாது. தடைக்கு அஞ்சி, இடத்தை மறைக்கும் வி.பி.என். வழியாக ஒளிந்தவர்கள் அச்சம் தணிந்ததும் வெளிப்பட்டார்கள் என்றே அந்த மையமும் கருதியது. ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் வந்த பங்குகூட இத்தகைய திசைதிருப்பலால் ஊதிப்போனது என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள்.

ஈரோடு வாசகர்: பணம் இருப்பவர் எண்ணிக்கையை வேண்டுமென்றே கூட்டிக் காட்ட முடியாதா?

முடியும், அதற்குப் பெரும் பணமும் தேவையில்லை. "வெர்ஷன்" செய்தியில் உள்ள மென்பொருளின் பெயர் வெறும் எழுத்துத்தொடர். எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். 2015-ல் பிளாக் அளவைக் கூட்டும் பிட்காயின் எக்ஸ்.டி. என்ற மாற்று மென்பொருள் வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் எக்ஸ்.டி. என்று வெளியே சொல்லிக்கொண்டு உள்ளே பழைய விதிகளையே பின்பற்றும் "நாட்-எக்ஸ்.டி."யை வெளியிட்டார்கள். 2025-ல் கோர், நாட்ஸ் என்ற இரு மென்பொருள்களின் ஆதரவாளர்கள் மோதிக்கொண்டபோதும் கணு எண்ணிக்கையே வாக்குச்சீட்டுப் போலப் பேசப்பட்டது. ஒரே கணினி ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 (ஐ.பி. முகவரியின் பழைய, புதிய வடிவங்கள்), டோர் என மூன்று முகவரிகளில் நின்று மூன்றாக எண்ணப்படுவது தனிக்கதை; அதில் ஏமாற்று நோக்கம்கூட இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: கணுக்களின் எண்ணிக்கையிலிருந்து பிட்காயின் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைக் கணிக்கலாமா?

முடியாது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒரு பரிமாற்ற நிறுவனம் சில கணுக்களில் காலம் தள்ளிவிடும். ஒரு சல்லிக்கூட வைத்திராத ஆர்வலர் மூன்று கணுக்களை இயக்குவார்.

திருச்சி மாணவி மறுபடியும்: நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்ய நினைக்கிறோம். எங்களால் எண்ண முடியுமா?

தாராளமாக முடியும். பிட்நோட்ஸ் கணக்கெடுப்பின் பைத்தான் நிரல் பொதுவில் கிடைக்கிறது. முதலில் அதை வாசியுங்கள், பிறகு உங்களுடையதை எழுதுங்கள். ஐ.பி.வி.4 மட்டும் என்று தொடங்கினால் வேலை சுலபம். டோரைச் சேர்க்க வேண்டுமானால் தனியே அதற்கான ப்ராக்ஸி (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் நிரல்) வேண்டும், நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். பதில் வராத முகவரிக்காகச் சில நொடிகளுக்கு மேல் காத்திருக்காதீர்கள், ஏனென்றால் பட்டியலில் பெரும்பாலானவை பதில் சொல்லப்போவதில்லை. சுற்று எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை எண்ணோடு சேர்த்தே குறித்துவையுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்த எண்ணும் ஆறு மணி நேரத்தில் எடுத்த எண்ணும் ஒப்பிடத்தக்கவை அல்ல. கிடைத்த முகவரிகளைத் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சிட வேண்டாம். அவற்றுள் சில யாரோ ஒருவரின் வீடு. தொடங்கும் முன் கல்லூரியின் வலையமைப்புப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு முகவரிகளின் 8333-ஐத் தட்டும் ஆய்வகக் கணினியை, வைரஸ் பிடித்தது என்று முடிவுசெய்து அவர் இணைப்பைப் பிடுங்கிவிட்டால், அன்றைய சுற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.